கருவூலம் அறிந்ததும் கரும்பலகை மறைத்ததும்



வரலாறு கற்பித்தல் பற்றி ஆண்டுக்கு ஒருவர் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையை நிறுவிய ஆசிரியரின் விருப்பம். எந்த நாட்டு வரலாறு என்று அவர் வரையறுக்கவில்லை. நான் கலிபோர்னியாவை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் இடம், சினிமாவும் கணினியும் செழிக்கும் இடம் என்றுதான் பெரும்பாலும் நாம் அதை அறிவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே ஓர் இனப்படுகொலை நடந்தது. அதற்கான சான்றுகள் ஒருபோதும் தொலைந்துபோகவில்லை. சட்டப் புத்தகத்தில், ஆளுநர் உரையில், கருவூலக் கணக்கில் அவை பத்திரமாக இருந்தன. இருந்தும், அந்த மாநிலத்தில் பள்ளிப்படிப்பை முடித்துப் பட்டம் வாங்கிய பல தலைமுறையினருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. பள்ளிக்கூடம்தான் அதைத் தெரியாமல் வைத்திருந்தது. இன்று நான் சொல்ல வந்தது அதைத்தான்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பானியர்கள் 1769இல் கலிபோர்னியாவில் குடியேறத் தொடங்கியபோது அங்கே ஏறத்தாழ 3 லட்சம் பூர்வகுடி மக்கள் இருந்தார்கள் என்பது அறிஞர்களின் மதிப்பீடு. நூறு மொழிகளுக்குக் குறையாமல் பேசினார்கள். 1846இல் அமெரிக்கப் படை வந்தபோது எஞ்சியிருந்தவர்கள் சுமார் 1,50,000 பேர். 1848 ஜனவரியில் கொலோமா என்ற இடத்தில் ஒரு மர அறுவை ஆலையின் வாய்க்காலில் தங்கம் கிடைத்தது. உலகமே அங்கே திரண்டது. 1870களின் தொடக்கத்தில் பூர்வகுடிகள் சுமார் 30,000 பேராகிவிட்டார்கள். 1880 மக்கள்தொகைக் கணக்கில் பதிவானவர்கள் 16,277 பேர். பெஞ்சமின் மேட்லி என்ற வரலாற்றாசிரியர் 1846 முதல் 1873 வரையிலான செய்தித்தாள்களையும் ராணுவ அறிக்கைகளையும் நாட்குறிப்புகளையும் ஒவ்வொன்றாகத் தேடி எண்ணினார். வெள்ளையர் கையால் நேரடியாகக் கொல்லப்பட்டவர்கள் மட்டும் குறைந்தது 9,492 பேர், 16,094 பேர் வரை இருக்கலாம் என்று 2016இல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார்.

கலிபோர்னியா தனி மாநிலமாக ஏற்கப்பட்டது 1850 செப்டம்பரில். அதற்கு முன்பே, ஏப்ரலில், அதன் சட்டமன்றம் ‘இந்தியர்களை ஆளுவதற்கும் பாதுகாப்பதற்குமான சட்டம்’ என்று ஒன்றை நிறைவேற்றியது. பெயரில்தான் பாதுகாப்பு இருந்தது. வெள்ளையர் ஒருவர் குற்றம் செய்தால் பூர்வகுடி ஒருவரின் சாட்சியத்தை வைத்து அவரைத் தண்டிக்க முடியாது என்றது அந்தச் சட்டம். வேலையில்லாமல் சுற்றுகிறான் என்று யாராவது ஒரு வெள்ளையர் சொன்னால் போதும். அந்த மனிதரைப் பிடித்து, அதிக விலை கேட்பவரிடம் நான்கு மாதம் வரை வேலைக்கு விடலாம். பிள்ளைகளை வெள்ளையர் குடும்பங்கள் தங்கள் பொறுப்பில் எடுத்து, ஆண்பிள்ளையானால் 18 வயது வரையும் பெண்பிள்ளையானால் 15 வயது வரையும் வேலை வாங்கலாம். 1860இல் இந்த வயது வரம்பை இன்னும் உயர்த்தினார்கள். பெற்றோர் சம்மதித்தார்கள் என்று எழுதிக்கொடுத்தால் போதும் என்று இருந்ததால், பெற்றோரைச் சுட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் விற்பதே சிலருக்குத் தொழிலாயிற்று. அடிமை முறை கூடாது என்று தன் அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்திருந்த மாநிலத்தில் இது நடந்தது. பிள்ளைகளைப் பிணைக்கும் பிரிவுகள் நீங்கியது 1863இல்.

1851 ஜனவரியில் முதல் ஆளுநர் பீட்டர் பர்னெட் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஆண்டு உரையில், இந்திய இனம் அற்றுப்போகும் வரை அழித்தொழிப்புப் போர் தொடர்ந்தே தீரும் என்று எதிர்பார்க்க வேண்டும் என்றார். யாரோ ஒரு தங்கவேட்டைக்காரர் குடிபோதையில் உளறியதன்று. ஓர் ஆளுநர் எழுதி, அச்சாகி, அவைக் குறிப்பில் ஏறிய வாசகம் இது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தன்னார்வப் படைகளின் செலவுக்காக மாநிலம் 11 லட்சம் டாலர் வரை கடன்பத்திரம் வெளியிட அனுமதித்தது. குதிரைத் தீவனம், ரவை, தோட்டா, சம்பளம் என்று படைத்தலைவர்கள் பில் போட்டார்கள். 1854இல் ஒன்றிய நாடாளுமன்றம் அதன் பெரும்பகுதியைத் திருப்பித் தர நிதி ஒதுக்கியது. இனப்படுகொலை என்றால் கும்பல் வெறி என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே அது தணிக்கை செய்யப்பட்ட செலவாக இருந்தது.

இதே ஆண்டுகளில்தான் ஒன்றிய அரசின் அதிகாரிகள் மூவர் மாநிலம் முழுக்கச் சுற்றிப் பூர்வகுடித் தலைவர்களோடு 18 ஒப்பந்தங்கள் செய்தார்கள். ஏறத்தாழ 85 லட்சம் ஏக்கர் நிலம் உங்களுக்கு என்று எழுதிக் கையொப்பம் வாங்கினார்கள். 1852இல் செனட் அவை மூடிய கதவுக்குள் கூடி அவற்றை நிராகரித்தது. ரகசிய ஆவணங்கள் என்று முத்திரையிட்டுப் பூட்டியது. பூட்டுத் திறந்தது 1905இல். ஒப்பந்தத்தை நம்பித் தங்கள் நிலத்தை விட்டு நகர்ந்தவர்களுக்குப் பழைய இடமும் இல்லை, புதிய இடமும் இல்லை.

செரானஸ் ஹேஸ்டிங்ஸ் என்பவரைப் பற்றி இந்த மேடையில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மாநிலத்தின் முதல் தலைமை நீதிபதி அவர். வடக்கே ஈடன் பள்ளத்தாக்கில் அவருக்குக் கால்நடைப் பண்ணை இருந்தது. குதிரைகளையும் மாடுகளையும் யூக்கி மக்கள் கொல்கிறார்கள் என்று 1859இல் ஆளுநருக்கு மனு போட்டு ஒரு படையைத் திரட்ட வைத்தார். வால்டர் ஜார்போ தலைமையில் ஈல் ஆற்றுப் பகுதியில் இறங்கிய அந்தப் படை சில மாதங்களில் 283 பேரைக் கொன்றதாகவும் 292 பேரைச் சிறைப்பிடித்ததாகவும் ஜார்போ தாமே ஆளுநருக்குக் கணக்கு எழுதினார். பசியால் மாட்டைக் கொன்றார்கள் என்பதும், வேட்டை நிலமும் கருவாலி மரங்களும் பண்ணைகளுக்குள் போய்விட்டதால்தான் அந்தப் பசி என்பதும் 1860இல் சட்டமன்றக் குழு எடுத்த வாக்குமூலங்களிலேயே இருக்கின்றன. 1878இல் அதே ஹேஸ்டிங்ஸ் ஒரு லட்சம் டாலர் கொடுத்து சான் பிரான்சிஸ்கோவில் சட்டக் கல்லூரி தொடங்க வைத்தார். 140 ஆண்டுகளுக்கும் மேலாக அது அவர் பெயரைச் சுமந்தது. எத்தனையோ நீதிபதிகள் அங்கே படித்து வெளியேறினார்கள். 2023 ஜனவரியில்தான் பெயர் மாறியது. கல்விக்குக் கொடுத்த கொடை ஒரு மனிதரின் மற்ற எல்லாச் செயல்களையும் மூடிவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

கலிபோர்னியாவில் மாநில வரலாறு நான்காம் வகுப்பில் வருகிறது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள். முதல் பாடத்தில் பூர்வகுடிகள் கூடை பின்னுவார்கள், கருவாலிக் கொட்டையை இடித்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். அடுத்து, கடற்கரை நெடுக ஸ்பானியத் துறவிகள் 1769 முதல் 1823 வரை அமைத்த 21 மிஷன்கள். அப்புறம் தங்கம், ரயில், முன்னேற்றம். கூடை பின்னியவர்கள் தங்கப் பாடம் வரும்போது காணாமல் போயிருப்பார்கள். எப்படிப் போனார்கள் என்று பாடநூல் சொல்லாது. அவர்கள் போவதற்கென்று அதில் ஒரு வாக்கியமே இருக்காது. பல பத்தாண்டுகளாக, ஆளுக்கொரு மிஷன் கட்டடத்தின் மாதிரியைச் செய்து கொண்டுவருவது அந்த வகுப்பில் கட்டாயம் போன்ற ஒரு வழக்கமாக இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஃபிரீமாண்ட் நகரில் என் தங்கை மகள் வீட்டில் தங்கியிருந்தேன். தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் ஊர். அங்கேயே 1797இல் எழுந்த சான் ஹோசே மிஷன் இருக்கிறது. பக்கத்துப் பகுதிக்குப் பெயரே அதுதான். பேரன் சாப்பாட்டு மேசையில் அதன் மாதிரியைச் செய்துகொண்டிருந்தான். தெர்மகோல் சுவருக்கு மணல் கலந்த வெள்ளைப் பெயின்ட், ஓட்டுக்கூரைக்கு மக்ரோனியைப் பிளந்து சிவப்புச் சாயம், முற்றத்தில் பிளாஸ்டிக் மாடு இரண்டு, ஐஸ் குச்சியில் சிலுவை. அழகாகத்தான் இருந்தது. “இதையெல்லாம் கட்டினது யாருப்பா?” என்றேன். “இந்தியன்ஸ் ஃபாதருக்கு ஹெல்ப் பண்ணாங்க தாத்தா” என்றான். புத்தகத்தில் இருந்ததை அப்படியே சொன்னான்.

அந்த மிஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் ஓலோனி மக்களின் இடுகாடு ஒன்று சாலையோரம் இருக்கிறது. மிஷனைக் கட்ட உதவிய ஓலோனியர் 4,000 பேர் இங்கே உறங்குகிறார்கள் என்ற பொருளில் அங்கே ஒரு கல் நிற்கிறது. குழந்தையின் பாடமும் கல்லின் வாசகமும் ஒரே குரலில் பேசின. ஞானஸ்நானம் பெற்ற பூர்வகுடியினர் அனுமதியில்லாமல் மிஷனை விட்டு வெளியே போக முடியாது. ஓடிப்போனவர்களைச் சிப்பாய்கள் பிடித்துவந்தார்கள். கசையடி வழக்கமான தண்டனை. மணமாகாத பெண்களையும் சிறுமிகளையும் இரவில் ஒரே அறையில் பூட்டிவைத்தார்கள். காற்றோட்டமில்லாத அந்த அறைகளில் நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது. பேரன் செய்த மாதிரியில் மணிக்கூண்டு இருந்தது, தோட்டம் இருந்தது. அந்தப் பூட்டிய அறை இல்லை. குழந்தையை நான் எதுவும் சொல்லவில்லை. அவனுக்குக் கொடுத்த வரைபடத்தில் அது இல்லை.

இந்தப் பாடநூல்களை முதலில் வரிசையாக எடுத்துவைத்துக் கேள்வி கேட்டவர்கள் பூர்வகுடி அறிஞர்களே. கவ்வியா இனத்தவரான ரூபர்ட் காஸ்டோவும் அவர் மனைவி ஜெனட் ஹென்றியும் 1964இல் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்க இந்திய வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கினார்கள். பாடநூல்களைத் தேர்வு செய்யும் மாநில அதிகாரிகள் முன் போய் நின்றார்கள். 1970இல், பள்ளிகளில் புழங்கிய முந்நூறுக்கும் மேற்பட்ட நூல்களை ஆராய்ந்து ஒரு புத்தகமே வெளியிட்டார்கள். நம்பிக் கொடுக்கத்தக்கதாக ஒன்றும் தேறவில்லை. ஒரு சமூகம் தன் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் திருத்திக் கொடுத்தது. மாநிலம் அசைவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

எதிர்வாதங்களையும் சொல்ல வேண்டும். ஆசிரியர்களாகப் போகும் உங்களிடம் மாணவர்கள் கேட்பார்கள். முதல் வாதம்: பெரும்பாலானோர் நோயால்தானே இறந்தார்கள்? நோய் பெருங்காரணம் என்பது உண்மை. ஆனால் நிலத்திலிருந்து விரட்டப்பட்டு, குடும்பம் சிதறி, பட்டினி கிடப்பவரை நோய் எளிதில் தின்னும். ஒரு கூட்டத்தை அழிக்கும் வாழ்நிலைகளை வேண்டுமென்றே சுமத்துவதும், அதன் பிள்ளைகளைப் பலவந்தமாகப் பிரித்து வேறு கூட்டத்தாரிடம் சேர்ப்பதும், கொலையைப் போலவே 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. அமெரிக்கா அந்த உடன்படிக்கையை உறுதி செய்ததே 1988இல்தான். இரண்டாவது வாதம்: 1944இல் ரஃபேல் லெம்கின் உருவாக்கிய கருத்தை 1850க்குப் பொருத்தலாமா? லெம்கினே டாஸ்மேனியா உட்படப் பழைய காலத்து அழிவுகளை அப்படித்தான் ஆராய்ந்தார். நீதிமன்றத்தில் யாரையும் நிறுத்த இயலாது. வரலாற்றில் நடந்ததை உரிய வகையில் வைப்பதற்கு அது தடையாகாது.

மூன்றாவது வாதம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது: அந்தக் காலத்து மனிதர்களுக்கு அது தவறென்றே தெரியாது என்பது. தெரியும். 1860 பிப்ரவரி 26 விடியற்காலையில் ஹம்போல்ட் விரிகுடாவின் துலுவாட் தீவில், உலகைப் புதுப்பிக்கும் சடங்கை முடித்து உறங்கிக்கொண்டிருந்த வியோட் மக்களைக் கோடரியாலும் கத்தியாலும் வெட்டினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அக்கரையில் ஒரு சிறு பத்திரிகையில், ஆசிரியர் வெளியூர் போயிருந்த வேளையில் பொறுப்பிலிருந்த பிரெட் ஹார்ட் என்ற இளைஞர் அதைக் கடுமையாகக் கண்டித்துத் தலையங்கம் எழுதினார். மிரட்டல் வந்தது, ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரானார். கொலைகாரர்கள் யார் என்று ஊருக்கே தெரிந்திருந்தும் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. நின்றுபோன அந்தச் சடங்கை வியோட் மக்கள் 2014இல் மீண்டும் நடத்தினார்கள். 2019 அக்டோபரில் யுரேகா நகராட்சி தன் வசமிருந்த தீவு நிலத்தை அவர்களிடமே ஒப்படைத்தது.

கிளியர் ஏரியின் வட கரையிலும் இப்படி ஒரு தீவு. ஸ்டோன், கெல்சி என்ற இரு பண்ணையார்கள் போமோ மக்களை அடிமைகளாக வைத்துப் பட்டினி போட்டு வதைத்தார்கள். 1849 இறுதியில் அந்த மக்கள் இருவரையும் கொன்றார்கள். 1850 மே 15 அன்று ராணுவம் அந்தத் தீவுக்கு வந்து பழிதீர்த்தது. எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் பலியானார்கள். படையின் சொந்த அறிக்கையே 60 பேருக்குக் குறையாது என்றது, மற்ற மதிப்பீடுகள் பல நூறு என்கின்றன. லூசி மூர் என்ற ஆறு வயதுச் சிறுமி தண்ணீருக்கடியில் பதுங்கி, கோரைத் தண்டு வழியாக மூச்சுவிட்டு உயிர்பிழைத்தாள். 1942இல் அங்கே வைத்த கல்வெட்டு, நடந்தது போர் என்றது. 2005இல் மாநிலம் சாலையோரம் வைத்த பலகைதான் படுகொலை என்றது. பக்கத்து ஊருக்கு இன்னும் கெல்சிவில் என்றே பெயர். மாற்றலாமா என்று 2024 நவம்பரில் கருத்து வாக்கெடுப்பு நடத்தியபோது பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் நான்காம் வகுப்பில் படித்தது கூடையும் தங்கமும்தான்.

பல்கலைக்கழகமும் இதில் விலக்கில்லை. பெர்க்லியின் மாபெரும் மானிடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபர், 1925இல், ஓலோனியர் நடைமுறையில் அற்றுப்போனவர்கள் என்று எழுதினார். அவர்களின் வழிவந்தோர் இன்றும் அதே விரிகுடாவைச் சுற்றி வாழ்கிறார்கள். அரசு அங்கீகாரத்துக்காக இன்றும் போராடுகிறார்கள். அறிஞர் ஒருவர் எழுதிய ஒரு வரியைக் கடக்க ஒரு மக்கள் கூட்டத்துக்கு நூற்றாண்டு போதவில்லை. அவர் பெயர் தாங்கிய கட்டடத்திலிருந்து 2021இல் அந்தப் பெயர் நீங்கியது. அதே பெர்க்லியில்தான், நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதிய நம் எமனோ பணியாற்றினார். பர்ரோவுடன் திராவிட வேர்ச்சொல் அகராதி தந்த அவரே, மேரி ஹாஸுடன் சேர்ந்து, கலிபோர்னிய இந்திய மொழிகளைப் பதிவு செய்யும் ஆய்வகத்தை 1950களில் உருவாக்கினார். அங்கே சேர்ந்த குறிப்பேடுகளையும் ஒலிப்பதிவுகளையும் வைத்துத்தான் இன்று சில சமூகங்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டிமாரின் மொழியைத் திரும்பக் கற்கிறார்கள். கல்வி நிறுவனம் எதை மூடியது என்று சொல்லும்போது, எதைக் காத்தது என்பதையும் சொல்வது நியாயம்.

2016இல் மாநிலக் கல்வி வாரியம் புதிய பாடக் கட்டமைப்பை ஏற்றது. சர்க்கரைக் கட்டியிலும் ஐஸ் குச்சியிலும் மிஷன் கட்டுவது அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள உதவாது, பலரைப் புண்படுத்துகிறது என்று அதில் எழுதினார்கள். அது பரிந்துரைதான். மாதிரி செய்வது பல பள்ளிகளில் தொடர்ந்தது. 2019 ஜூன் 18 அன்று ஆளுநர் கேவின் நியூசம் பூர்வகுடித் தலைவர்கள் முன் நின்று, நடந்தது இனப்படுகொலை, வரலாற்று நூல்களிலும் அப்படியே எழுதப்பட வேண்டும் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபரில், ரிவர்சைடு நகர உயர்நிலைப்பள்ளி ஒன்றில் கணித ஆசிரியை ஒருவர் காகித இறகுகளைத் தலையில் கட்டிக்கொண்டு, முக்கோணவியல் சூத்திரத்தைப் போர்க்கூச்சல் போலக் கத்தியபடி வகுப்பறையில் குதித்தார். பூர்வகுடி மாணவர் ஒருவர் அதைத் தன் கைபேசியில் படம்பிடித்திராவிட்டால் அது பாடமாகவே கடந்திருக்கும். அதே பள்ளியின் பழைய ஆண்டு மலர் ஒன்றிலும் அந்த இறகுத் தோற்றப் படம் அச்சாகியிருந்தது. அத்தனை ஆண்டுகள் யாருக்கும் அது உறுத்தவில்லை.

அந்த மாணவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். தன் முன்னோரைப் பகடி செய்யும் ஆசிரியர் முன், மதிப்பெண் போடும் கை அவரிடம் இருக்கும்போது, சாட்சியாக மாற வேண்டிய நிலை ஒரு பிள்ளைக்கு வந்தது. பாடம் சொல்லாமல் விட்டதை, வகுப்பில் இருக்கும் ஒற்றைப் பூர்வகுடிக் குழந்தை எழுந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னால் அடங்காதவள், சொல்லாவிட்டால் உடன்பட்டவள். அந்தச் சுமையை எடுத்துக்கொள்வது ஆசிரியர் வேலை.

ஒன்பது வயதுக் குழந்தையிடம் படுகொலையைச் சொல்லலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வெட்டையும் குத்தையும் விவரிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. 18 ஒப்பந்தங்களை எழுதிவிட்டு ஒளித்துவைத்தார்கள் என்பது நான்காம் வகுப்புக்குப் புரியும். வாக்குக் கொடுத்து ஏமாற்றுவது என்னவென்று அந்த வயதில் நன்றாகத் தெரியும். உன் வயதுப் பிள்ளைகளை அம்மாவிடமிருந்து பிரித்து வேலைக்கு வைக்கச் சட்டம் இருந்தது என்பது புரியும். அந்த மக்கள் இன்றும் இருக்கிறார்கள், உன் ஊரின் பெயரே சில இடங்களில் அவர்கள் மொழிச்சொல் என்பது மகிழ்ச்சியோடு புரியும். பர்னெட்டின் உரையையும் ஜார்போவின் கணக்கையும் எட்டாம், பதினொன்றாம் வகுப்புகளில் அசலையே கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். அரசே எழுதியவை என்பதால் அவற்றைக் கட்டுக்கதை என்று தள்ளுவது கடினம்.

2024 செப்டம்பரில் ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. கொண்டுவந்தவர் ஜேம்ஸ் ராமோஸ். 2018இல் தேர்வாகி, கலிபோர்னியச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் கலிபோர்னியப் பூர்வகுடி உறுப்பினர். ஸ்பானியக் குடியேற்றத்திலும் தங்க வேட்டையிலும் பூர்வகுடிகள் நடத்தப்பட்ட விதத்தைப் பாடமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். பாடக் கட்டமைப்பு அடுத்து எப்போது திருத்தப்படுகிறதோ அப்போதுதான் அது முறைப்படி நூல்களுக்குள் வரும். அதுவரை எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பது ஒவ்வொரு பள்ளியிலும் நான்காம் வகுப்பு ஆசிரியரின் கையில் இருக்கிறது.